மலேரியா பகுதிக்குப் போய் வந்தவர் ரத்தம் கொடுக்க ஏன் காத்திருக்க வேண்டும்?

மலேரியா உள்ள ஓர் ஊரில் இரண்டு வாரம் தங்கிவிட்டு, ஒரே விமானத்தில் திரும்பிய இருவர் அமெரிக்காவில் ரத்தம் கொடுக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் காய்ச்சல் இல்லை, உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஒருவரை 3 மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள், மற்றவரை 3 ஆண்டு கழித்து வரச் சொல்கிறார்கள். இதே இருவர் பிரிட்டனில் இருந்தால் 4 மாதம் காத்திருந்து, ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டியிருக்கும். இந்தியாவில் ரத்தம் கொடுத்தால், எங்கே போனார் என்பதைவிட மலேரியா வந்ததா என்ற கேள்விதான் முதலில் வரும்.

நல்ல எண்ணத்தோடு கை நீட்டியவருக்கு இது குழப்பத்தைத் தருகிறது, சிலருக்கு மனக்கசப்பையும் தருகிறது. ‘என் ரத்தத்தில் என்ன குறை?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த விதிகள் மேலோட்டமாகப் பார்க்கும்போது முரண்படுவது போலத் தெரிந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. ஒட்டுண்ணி உடலுக்குள் இருந்தால், அந்த உடல் அதைக் காட்டிக்கொடுக்குமா, கொடுக்காதா?

கொசுக்கடியிலிருந்து ரத்தம் வரை

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மனிதரைத் தாக்குபவை முக்கியமாக ஐந்து வகை: ஃபால்சிபாரம், வைவாக்ஸ், ஓவேலே, மலேரியே, நோலெசி. உயிரிழப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம் ஃபால்சிபாரம். பெண் அனாஃபிலிஸ் கொசு கடிக்கும்போது உள்ளே நுழையும் ஒட்டுண்ணி நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் வரை சத்தமில்லாமல் பெருகுகிறது. அப்புறம்தான் ரத்தத்துக்குள் இறங்கிச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, அவற்றை உடைத்து, அடுத்தடுத்த சிவப்பணுக்களைப் பிடிக்கிறது. காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வருவது இந்தக் கட்டத்தில்தான்.

ரத்த தானத்தைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. ஒட்டுண்ணி கல்லீரலில் மட்டும் இருக்கும் நாட்களில் ரத்தத்தில் அது இருக்காது. எந்தப் பரிசோதனையும் அதைக் கண்டுபிடிக்காது.
2. ரத்தத்துக்கு வந்த பிறகும், காய்ச்சல் தொடங்குவதற்கு முன் ஒரு சிறு இடைவெளி உண்டு. அந்த நேரத்தில் ரத்தம் கொடுத்தால் கொடுப்பவர் நலமாக இருப்பார், பைக்குள் ஒட்டுண்ணி இருக்கும்.
3. வைவாக்ஸ், ஓவேலே இரண்டும் கல்லீரலில் உறங்குநிலையில் பல மாதங்கள், ஏன், ஆண்டுகள்கூடக் கிடந்து, பிறகு எழுந்து வரக்கூடியவை.

பைக்குள் போனால் என்ன ஆகும்?

கொசு வழியே வரும் மலேரியாவுக்குக் கல்லீரல் கட்டம் என்று ஒன்று உண்டு. ரத்தம் ஏற்றுவதால் வரும் மலேரியாவுக்கு அது கிடையாது. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி இன்னொருவரின் சிவப்பணுக்களுக்கே நேராகப் போய்ச் சேர்கிறது. இப்படிப் பரவிய மலேரியா 1911 முதலே மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது.

சிவப்பணுக்கள் குளிர்பதனத்தில் 35 அல்லது 42 நாள் வரை சேமிக்கப்படுகின்றன. அந்தக் குளிரில் மலேரியா ஒட்டுண்ணி உடனே செத்துவிடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருந்து நோயைப் பரப்பும் ஆற்றல் அதற்கு உண்டு. பிளேட்லெட் பையிலும் கொஞ்சம் சிவப்பணுக்கள் கலந்திருக்கும் என்பதால் அதுவும் முழுப் பாதுகாப்பானதல்ல. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை உறையவைத்தால் மட்டும் வேறு. அதில் தப்பித் தவறி இருக்கும் சிவப்பணுக்களும் உறைநிலையில் சிதைந்துவிடுவதால், ஒட்டுண்ணி வாழ இடமில்லை.

இங்கே ரத்தம் பெறுபவர் யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரசவத்தில் ரத்தம் இழந்த தாய், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, விபத்தில் அடிபட்டு அறுவைச் சிகிச்சை முடிந்தவர். ஏற்கெனவே தளர்ந்த உடல். மலேரியா இல்லாத நாட்டில் அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவர் முதலில் நினைப்பது வேறு தொற்றுகளைத்தான். நோயாளி எங்கும் பயணம் போகவில்லையே! மலேரியா என்று தோன்றுவதற்குள் பல நாட்கள் போய்விடுகின்றன. ஃபால்சிபாரம் விஷயத்தில் அந்த நாட்கள்தான் உயிரைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் 1963 முதல் 1999 வரை இப்படிப் பதிவான 93 பேரில் 10 பேர் இறந்தார்கள். முப்பத்தேழு ஆண்டுகளில் 93 என்பது சிறிய எண்தான். ஆனால் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர் இறப்பு என்பது சிறிதல்ல.

பரிசோதித்துப் பார்த்துவிட்டால் போதாதா?

எல்லோரும் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஒரு எளிய கணக்கு பதில் சொல்லும்.

ஒரு ரத்தப் பையில் சுமார் 450 மில்லி லிட்டர் ரத்தம் இருக்கும். அதாவது 4,50,000 மைக்ரோ லிட்டர். ஆய்வகத்தில் வழக்கமான முறையில் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு மைக்ரோ லிட்டருக்குச் சுமார் 50 ஒட்டுண்ணிகளாவது இருந்தால்தான் நம்பகமாகக் கண்ணில் படும். அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் ‘இல்லை’ என்றே முடிவு வரும். ஆனால் அந்தப் பையில் மொத்தம் 2 கோடிக்கும் மேற்பட்ட ஒட்டுண்ணிகள் இருக்கலாம். நோயை உண்டாக்கப் பத்தே ஒட்டுண்ணிகள் போதும் என்று கருதப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் சிக்கல்.

கையில் இருக்கும் பரிசோதனைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் குறைபட்டவை:

1. நுண்ணோக்கிப் பரிசோதனை: காய்ச்சலோடு வந்த நோயாளிக்கு நன்றாக உதவும். நலமாக இருக்கும் கொடையாளரிடம் எளிதில் கோட்டை விடும்.
2. விரல் நுனி ரத்தத்தில் செய்யும் விரைவுப் பரிசோதனை: ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடுகிறது. கண்டறியும் திறன் நுண்ணோக்கிக்குச் சமம், அல்லது அதைவிடக் குறைவு.
3. ஆன்டிபாடி பரிசோதனை: ஒட்டுண்ணியைத் தேடாமல், அதற்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதத்தைத் தேடுகிறது. தொற்றிய தொடக்க நாட்களில் அது உருவாகியிருக்காது. நோய் முற்றிலும் குணமான பிறகும் பல ஆண்டுகள் தங்கிவிடும்.
4. மரபுப்பொருளைத் தேடும் பரிசோதனை: இருப்பதிலேயே நுட்பமானது. ஆனாலும் சோதிப்பது பையில் உள்ள ரத்தத்தின் சிறு துளியைத்தான். கல்லீரல் கட்டத்தில் இருப்பதை இதுவும் காணாது.

ஆன்டிபாடி பரிசோதனை காத்திருப்புக்கு மாற்று ஆகாது. காத்திருப்புக்குப் பிறகு செய்தால்தான் அதற்கு மதிப்பு. பிரிட்டன் 4 மாதம் கழித்துப் பரிசோதிப்பது இதனால்தான். அதற்குள் தொற்று இருந்திருந்தால் எதிர்ப்புப் புரதம் உருவாகியிருக்கும் என்பது கணக்கு. ஊர் திரும்பிய மறுவாரம் செய்து ‘இல்லை’ என்று வரும் முடிவால் பயன் குறைவு.

மூன்று மாதம் எங்கிருந்து வந்தது?

மலேரியாவே இல்லாத நாட்டில் பிறந்து வளர்ந்தவரின் உடலுக்கு இந்த ஒட்டுண்ணி அந்நியம். அது ரத்தத்துக்குள் வந்தால் உடல் சும்மா இருக்காது. கடுமையான காய்ச்சல் வரும், அவர் மருத்துவரிடம் ஓடுவார். ஃபால்சிபாரம் தொற்றியவர்களுக்குப் பெரும்பாலும் ஊர் திரும்பிய முதல் மாதத்துக்குள்ளேயே நோய் வெளிப்படும். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக வெளிப்படுவது அரிது. மூன்று மாதம் காத்திருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால், இப்படிப்பட்ட உடலில் ஃபால்சிபாரம் இல்லை என்று ஏறத்தாழ நம்பலாம்.

சரி, வைவாக்ஸ்? அது மாதக்கணக்கில் உறங்குமே, மூன்று மாதம் எப்படிப் போதும் என்ற சந்தேகம் வரும். உறங்குநிலை இருப்பது கல்லீரலில், ரத்தத்தில் அல்ல. உறங்கிக்கொண்டிருக்கும் வரை அவர் கொடுக்கும் ரத்தத்தில் ஒட்டுண்ணி இல்லை. விழித்து ரத்தத்துக்கு வந்துவிட்டால் பழக்கமில்லாத உடல் சில நாட்களில் காய்ச்சலாகக் காட்டிவிடும். ஆபத்து அந்தச் சில நாள் இடைவெளியில் மட்டுமே. அதை முற்றிலும் ஒழிக்க வேண்டுமானால் காத்திருப்பைப் பல ஆண்டுகளாக நீட்ட வேண்டும். அப்படிச் செய்தால் இழக்கப்படும் ரத்தம் எத்தனையோ உயிர்களுக்குத் தேவையானது.

இந்த எடைபோடல்தான் அமெரிக்காவில் விதியை மாற்றியது. அங்கே பயணிகளுக்கு நீண்ட காலமாக 12 மாதக் காத்திருப்பு இருந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா பரவலால் ரத்த முகாம்கள் ரத்தாகிக் கையிருப்பு சரிந்தபோது, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அதை 3 மாதமாகக் குறைத்தது. பிறகு அதையே நிலையான வழிகாட்டுதலாகவும் ஆக்கியது. தட்டுப்பாட்டுக்காகப் பாதுகாப்பைத் தளர்த்திவிட்டார்கள் என்று இதைப் படிப்பது சரியல்ல. தேவைக்கு மேல் இருந்த எச்சரிக்கை, தேவைப்படும் அளவுக்கு வந்தது என்பதே என் கணிப்பு.

மூன்று ஆண்டு ஏன்?

பலரைப் புண்படுத்தும் விதி இதுதான். விளக்கம் தெரியாததால் வரும் வருத்தம் இதில் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மலேரியா மிகுந்த பகுதியில் வளர்பவர் சிறுவயதிலிருந்தே திரும்பத் திரும்பத் தொற்றுக்கு உள்ளாகிறார். உயிர் தப்பி வளர்ந்தவரின் உடல் இந்த ஒட்டுண்ணியை முழுவதுமாக விரட்டக் கற்றுக்கொள்வதில்லை. அதோடு சமாதானமாக வாழக் கற்றுக்கொள்கிறது. ரத்தத்தில் மிகக் குறைந்த அளவில் ஒட்டுண்ணி இருந்துகொண்டே இருக்கும். காய்ச்சல் வராது, களைப்பு தெரியாது, அவருக்கே தெரியாது. இதைப் பகுதி நோயெதிர்ப்பு என்கிறார்கள்.

இங்கேதான் முதல் கேள்வி திரும்ப வருகிறது. முதன்முறையாக மலேரியா பகுதிக்குப் போனவரின் உடல் மணி அடித்து ஊரைக் கூட்டிவிடும். அங்கேயே வளர்ந்தவரின் உடல் மணியே அடிக்காது. ரத்தம் பெறுபவருக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்று பார்த்தால், அது நோயில் படுத்தவரிடமிருந்து அல்ல, நோயைத் தாங்கிக்கொண்டு நலமாக நடமாடுபவரிடமிருந்துதான். அண்மைப் பத்தாண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ரத்தம் வழியே பரவிய மலேரியாவை ஆராய்ந்தபோது, காரணமான கொடையாளர்களில் பெரும்பாலோர் மலேரியா பகுதியில் வளர்ந்து குடிபெயர்ந்தவர்களாகவே இருந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் அரிது.

புதிய தொற்று இல்லாமல் வாழும்போது, உடலில் மிஞ்சிய ஃபால்சிபாரம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் அழிந்துவிடும். மூன்று ஆண்டு என்பது அதற்குக் கொடுக்கும் அவகாசம். அமெரிக்க விதியில் மலேரியா உள்ள நாட்டில் தொடர்ந்து 5 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர், வெளியேறி 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த 3 ஆண்டு முடியுமுன் உறவினரைப் பார்க்கப் போய் வந்தால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மலேரியா இல்லாத நாட்டில் 3 ஆண்டு தொடர்ந்து வாழ்ந்துவிட்ட பிறகு போய் வந்தால் மற்றப் பயணிகளைப் போலவே 3 மாதம்தான். தொடக்கத்தில் சொன்ன இருவரின் வேறுபாடு இதுதான். ஒருவர் அங்கேயே பிறந்து வளர்ந்து, வெளியேறி 3 ஆண்டு முடியாதவர். மற்றவர் பயணியாக மட்டும் போனவர்.

இந்த மூன்று ஆண்டும் எல்லாவற்றையும் அடைத்துவிடாது. பிளாஸ்மோடியம் மலேரியே என்ற வகை, அறிகுறியே இல்லாமல் பல பத்தாண்டுகள் ரத்தத்தில் தங்கக்கூடியது. அதை எந்தக் காத்திருப்பும் பிடிக்காது. அது ஃபால்சிபாரம் போல உயிரைப் பறிப்பது அரிது என்பது ஓர் ஆறுதல்.

நாட்டுக்கு நாடு விதி

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு ஆணை கொடையாளர்களை வகைவகையாகப் பிரித்துப் பார்த்தது. அறிகுறி இல்லாத பயணிக்கு 6 மாதம், பரிசோதனையில் இல்லை என்று வந்தால் விலக்கு. பிறந்து முதல் ஐந்து ஆண்டுக்குள் மலேரியா பகுதியில் வாழ்ந்தவருக்கு, கடைசியாக அங்கே போய் வந்ததிலிருந்து 3 ஆண்டு, பரிசோதனை செய்தால் 4 மாதம். பயணத்தின்போதோ திரும்பி 6 மாதத்துக்குள்ளோ காரணம் தெரியாத காய்ச்சல் வந்தவருக்கும் 3 ஆண்டு, பரிசோதனை செய்தால் 4 மாதம். காய்ச்சல் வந்ததைத் தனி வகையாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். எளிதில் மறந்துவிடும் சிறு காய்ச்சலாக இருந்தாலும், விண்ணப்பத்தில் அதைச் சொல்வது அவ்வளவு முக்கியம்.

ஆஸ்திரேலியா இன்னொரு நல்ல வழியைக் காட்டுகிறது. பயணம் போய் வந்தவர் 4 மாதத்துக்கு முழு ரத்தம் கொடுக்க முடியாது, ஆனால் பிளாஸ்மா கொடுக்கலாம். ஒட்டுண்ணி வாழ்வது சிவப்பணுவில், பிளாஸ்மாவில் அல்ல என்ற அறிவியலை அப்படியே விதியாக்கியிருக்கிறார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். பிளாஸ்மா சேகரிக்கும் வசதியுள்ள எல்லா இடங்களிலும் இது நடக்க வேண்டும்.

மலேரியா உள்ள நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

போய் வந்தவர்களை எல்லாம் விலக்கினால் அங்கே ரத்தம் கொடுக்க ஆளே இருக்காது. இந்தியாவில் வழி வேறு: மலேரியா வந்தவர் முழுதும் குணமாகி 3 மாதம் கழித்துக் கொடுக்கலாம். தானமாகப் பெறும் ஒவ்வொரு பையும் மலேரியாவுக்குக் கட்டாயமாகப் பரிசோதிக்கப்படுகிறது. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ் ஆகியவற்றோடு இதுவும் கட்டாயப் பட்டியலில் உண்டு. மேலே சொன்ன பரிசோதனைக் குறைகள் இங்கேயும் பொருந்தும். அங்குள்ள மருத்துவருக்கு மலேரியா பழக்கமான நோய் என்பதால், ரத்தம் ஏற்றிய பின் காய்ச்சல் வந்தால் அவர் அதையும் நினைத்துப் பார்ப்பார் என்பது ஒரு பலம்.

ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே நிலைமை கடினம். உலக மலேரியா நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில்தான். ரத்தசோகையோடு வரும் குழந்தைகளுக்கு அவசரமாக ரத்தம் தேவைப்படும் இடமும் அதுவே. 2016இல் வெளியான கானா நாட்டு ஆய்வு ஒன்றில், ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினும் புற ஊதாக் கதிரும் கொண்டு முழு ரத்தத்தைப் பதப்படுத்திப் பார்த்தார்கள். ஒட்டுண்ணி இருந்த ரத்தத்தைப் பெற்றவர்களில், பதப்படுத்தாததைப் பெற்றோரில் 22 விழுக்காட்டினருக்கும், பதப்படுத்தியதைப் பெற்றோரில் 4 விழுக்காட்டினருக்கும் மலேரியா பரவியது. கொடையாளரை விலக்காமல் ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் இந்த வழிக்கு அதிக முதலீடு கிடைக்க வேண்டும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

தடுப்பு மாத்திரை ஒழுங்காகப் போட்டவருக்கும் காத்திருப்பு உண்டா? உண்டு. மாத்திரை தொற்றின் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கிறது. ஆனால் முழுவதும் தடுக்காமல், நோய் வெளிப்படுவதைத் தள்ளிப்போடவும் கூடும். மெஃப்ளோகுயின், டாக்சிசைக்ளின் போன்றவை கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸை அழிப்பதில்லை. காத்திருப்புக் கணக்கு மாத்திரையை நிறுத்திய நாளிலிருந்து அல்ல, அந்தப் பகுதியை விட்டு வெளியேறிய நாளிலிருந்து தொடங்கும். ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதற்காக மாத்திரையைத் தவிர்ப்பது மட்டும் கூடவே கூடாது.

விமானம் மாற மட்டும் இறங்கினால்? அமெரிக்க விதியில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால்தான் பயணமாகக் கணக்கு.

ஒரு நாடு முழுவதும் மலேரியா பகுதியா? எப்போதும் அல்ல. ஒரே நாட்டில் ஒரு மாகாணத்தில் இருக்கும், தலைநகரில் இருக்காது. அதனால்தான் ரத்த வங்கியில் நாட்டின் பெயரோடு நிற்காமல் ஊரையும் கேட்கிறார்கள். வரைபடமும் நிலையானதல்ல. இலங்கை 2016இலும், சீனா 2021இலும், எகிப்து 2024இலும் மலேரியா அற்ற நாடுகள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றன. மறுபக்கம், 2023இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் டெக்சாசிலும், வெளிநாடு போகாதவர்களுக்கே உள்ளூர்க் கொசு வழியே மலேரியா வந்தது. இருபது ஆண்டுகளாக அங்கே அப்படி நடந்ததில்லை.

இனி மாறப் போவது

2024 மார்ச்சில், ரத்தக் கொடையாளரிடம் மலேரியாவின் மரபுப்பொருளைக் கண்டறியும் முதல் பரிசோதனைக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ரோஷ் நிறுவனம் உருவாக்கிய அது ஐந்து வகைகளையும் தேடுகிறது. 2025 ஜனவரியில் வந்த வரைவு வழிகாட்டுதல், ஆபத்து வாய்ப்புள்ள கொடையாளரை மாதக்கணக்கில் தள்ளிவைப்பதற்குப் பதிலாக இப்படிப் பரிசோதிக்கும் வழியை முன்வைத்தது. இதனால் அதிகம் பயனடைவது மலேரியா பகுதியிலிருந்து குடிபெயர்ந்த சமூகங்கள்தான். அரிதான ரத்த வகைகள் சில அந்தச் சமூகங்களுக்குள்தான் கிடைக்கின்றன. அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் போல அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்குப் பொருத்தமான கொடையாளர் அங்கேதான் இருப்பார்.

விதிகள் இப்படி மாறிக்கொண்டிருப்பதால், பழைய அனுபவத்தை வைத்து முடிவு செய்யாமல், கிளம்பும் முன் அந்த ரத்த வங்கியிடமே கேட்பது நல்லது. போன ஊர்கள், திரும்பிய தேதி, பிறந்து வளர்ந்த நாடு, இடையில் வந்த காய்ச்சல் எதையும் விடாமல் சொல்லுங்கள். காத்திருப்பு முடிந்து கொடுத்த பிறகும் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் பயண விவரத்தைச் சொன்ன கையோடு ரத்த வங்கிக்கும் தொலைபேசியில் தெரிவியுங்கள். பை இன்னும் குளிர்பதனத்தில் இருந்தால் எடுத்துவிடுவார்கள். யாருக்காவது ஏற்றிவிட்டிருந்தால், அவருடைய மருத்துவருக்கு மலேரியாவை நினைக்கக் காரணம் கிடைக்கும், உரிய மருந்தை அன்றே தொடங்கலாம். கொடை தந்த தேதி, காய்ச்சல் தொடங்கிய நாள், போய் வந்த ஊர் ஆகிய மூன்றையும் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.